உப்பளப் புகைப்படம்: படச்சட்டம் போடுவதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்

தருவைக்குளத்தான் · ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டிக்கொள்ள எனக்கு இடம் தந்திருக்கிறார்கள். ஒரே ஒரு படம்தான். ஆறு வருடமாகப் படம் எடுக்கிறேன், எதுவும் இதுவரை சுவர் ஏறியதில்லை. அதனால் இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

தூத்துக்குடிக்கு வடக்கே ஓர் உப்பளம், மார்ச் மாதம், சூரியன் எழுவதற்குச் சற்று முன். ஓர் அம்மா கடகக் கூடையில் இருந்து உப்பை அம்பாரத்தின் மேல் கொட்டுகிறார். விழுகிற உப்பு அந்தரத்தில் நிற்கிறது. வலப்பக்கம் தொலைவில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் இரண்டு. இடது அடிமூலையில் வரப்பின் மேல் ஒரு நீல பிளாஸ்டிக் கேன். மேலே பாதிக்கு மேல் வெறும் வானம்.

இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். முதலில் இருப்பது கேமராவில் இருந்து வந்தபடியே, 6000-க்கு 4000 பிக்சல். இரண்டாவது நான் திருத்தியது. சதுரமாக வெட்டிவிட்டேன். புகைபோக்கியும் கேனும் வெளியே போய்விட்டன. விளிம்புகளைக் கறுப்பாக்கி, அடியில் பொன்னிற எழுத்தில் என் பெயரும் 'உழைப்பின் வெண்மை' என்ற தலைப்பும் போட்டிருக்கிறேன். கடையில் பூவேலை செய்த பொன்னிறச் சட்டம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். படத்தை நேரே கண்ணாடிக்குப் பின்னால் வைத்து அடித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

வெட்டியது சரியா? சட்டம் பொருந்துமா? தயங்காமல் சொல்லுங்கள். நான்கு வாரம் இருக்கிறது.

இருட்டறை · ஞாயிறு, இரவு 10.45

தம்பி, முதல் படத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படம் எடுத்திருக்கிறீர்கள். இரண்டாவதைத் திறந்தபோது வருத்தமாக இருந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெட்டுவது பாவம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. பிலிம் காலத்தில், நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜர் கருவி முன் நின்று ஒவ்வொரு படத்தையும் எங்கே நிறுத்துவது என்று யோசித்தவன். படத்தை வெட்டவே கூடாது என்று பிடிவாதமாக இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரேசோன்கூட, 1932இல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்புறம் தண்ணீரைத் தாண்டும் மனிதனை எடுத்த படத்தை வெட்டித்தான் அச்சிட்டார். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை விழுந்துவிட்டது. 1946இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆர்னால்டு நியூமன், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பியானோவோடு எடுத்த படத்தில் வெட்டியது கட்டாயத்தால் இல்லை. நெகட்டிவில் கணிசமான பகுதியை எறிந்த பிறகுதான் அந்தப் படமே பிறந்தது. ஆகவே வெட்டலாம். எதை வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் படத்தில் அந்த அம்மாவின் உடல் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. உப்பும் அந்தப் பக்கமே விழுகிறது. பார்ப்பவரின் கண் அவர் தோளில் தொடங்கி, கையில் இறங்கி, உப்போடு சரிந்து, அந்த வெட்டவெளியில் ஓடிப்போய்ப் புகைபோக்கியில் நிற்கிறது. சதுரமாக்கியதும் உப்பு விழுகிற இடத்திலேயே சுவர் எழுப்பிவிட்டீர்கள். கண் முட்டிக்கொண்டு நிற்கிறது. உப்பளம் என்றால் பரப்பு. அந்தப் பரப்பு போனால் அது எந்த ஊர் மண்மேடாகவும் இருக்கலாம்.

வெட்ட வேண்டியது வானம். மேகம் இல்லை, பறவை இல்லை, வண்ணமாற்றமும் பெரிதாக இல்லை. மேலிருந்து ஒரு துண்டை எடுத்துவிடுங்கள். 6000-க்கு 3375 என்று வரும். படம் அகன்று கிடையாகப் படுக்கும். பாத்திகளும் அப்படித்தான் படுத்திருக்கின்றன.

நீல கேன் உறுத்துகிறது, அதை எடுத்துவிடலாம். கறுத்த விளிம்பையும் பொன்னெழுத்தையும் இப்போதே அழித்துவிடுங்கள்.

நெய்தல்நிலா · திங்கள், காலை 7.20

இருட்டறை ஐயாவிடம் ஒன்றில் மாறுபடுகிறேன். புகைபோக்கி வேண்டாம். அது வந்ததும் படம் சுற்றுச்சூழல் பற்றியதாகிவிடுகிறது. பார்ப்பவர் அம்மாவை விட்டுவிட்டு மின் நிலையத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். வானத்தை வெட்டுவது மிகச் சரி.

இருட்டறை · திங்கள், காலை 8.05

அந்த அம்மா ஒவ்வொரு நாளும் பார்க்கிற அடிவானம் அதுதானே. அதை எடுத்துவிட்டால் எந்த நூற்றாண்டில் எடுத்த படம் என்றே தெரியாது. தலைச்சுமைக் கடகமும் 1,050 மெகாவாட் மின் நிலையமும் ஒரே அடிவானத்தில் இருப்பதுதான் இந்தப் படத்தின் செய்தி என்று நான் நினைக்கிறேன். புகைபோக்கிகள் சிறியவை, மங்கலானவை. கூச்சல் போடவில்லை.

தருவைக்குளத்தான் · திங்கள், பகல் 1.15

ஐயா, நன்றி. உங்கள் முதல் பதிலைப் படித்ததும் சற்று வலித்தது. ஆனால் வானத்தை மட்டும் வெட்டிப் பார்த்தேன். கண் ஓடுகிறது என்று நீங்கள் சொன்னது இப்போது எனக்கே தெரிகிறது. கேனையும் கணினியில் அழித்துவிட்டேன், தடம் தெரியவில்லை. இனிச் சட்டம் பற்றி யாராவது சொல்லுங்கள். கடைக்காரர் இந்த வாரமே அளவு கேட்கிறார்.

மரச்சட்டம் · திங்கள், இரவு 8.30

நான் மதுரையில் முப்பது வருடத்துக்கு மேல் படச்சட்டம் போட்டவன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். தம்பியின் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, படத்தை நேரே கண்ணாடியில் ஒட்டி வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உங்கள் ஊரில் கடற்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். அச்சின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். என் தொழிலின் தொடக்கத்தில் ஒரு பெரியவர் தம் பெற்றோரின் ஒரே படத்தைக் கொண்டுவந்தார். வேறு எங்கோ சட்டம் போட்டது. கண்ணாடியைப் பிரித்தபோது அவர் அம்மாவின் கன்னம் கண்ணாடியோடு வந்துவிட்டது. அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இடைவெளி இல்லாமல் நான் ஒரு சட்டமும் அடித்ததில்லை.

அந்த இடைவெளியைத் தருவதுதான் மவுண்ட் அட்டை, அதாவது நடுவில் சன்னல் வெட்டிப் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை. அழகுக்கு வைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று நிற்க இடம் தருவதுதான் அதன் முதல் வேலை. அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண அட்டையில் சன்னல் வெட்டினால், சில வருடத்தில் வெட்டு ஓரம் பழுப்பேறி, அந்தப் பழுப்பு படத்திலும் இறங்கும். உள் ஓரத்தை 45 பாகையில் சாய்த்து அறுக்கச் சொல்லுங்கள். நேராக அறுத்தால் படத்தின் மேல் நிழல் விழும்.

படத்தைப் பசை தடவி முழுதாக ஒட்டக் கூடாது. காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நான்கு பக்கமும் பிடித்து வைத்தால் அலை அலையாக எழும்பிவிடும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு காகிதக் கீல் வைத்துத் தொங்கவிட வேண்டும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். மாவுப் பசை என்றால் காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி வரும் என்று பைண்டிங் கடையில் மயில்துத்தம் என்ற நச்சுப் பொருள் கலந்து தருவார்கள். புத்தகத்துக்கு அது சரி, புகைப்படத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

பின்னால் ஹார்டுபோர்டு அடிப்பார்கள். அதற்கும் படத்துக்கும் நடுவில் இன்னோர் அமிலமற்ற அட்டை. சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகள் ஒட்டுங்கள். சுவரின் ஈரம் சட்டத்தில் ஏறாது.

பூவேலைப் பொன் சட்டம் தஞ்சாவூர் ஓவியத்துக்கு உரியது. அங்கே படத்துக்குள்ளேயே பொன் இருக்கிறது, சட்டம் அதற்குப் பதில் சொல்கிறது. உங்கள் படத்தில் அந்த அம்மா நிற்பது உப்பில். முக்கால் அங்குல அகலத்தில் வெறும் தேக்கு, மெழுகு மட்டும் பூசியது, போதும்.

கூடல்வாசி · திங்கள், இரவு 9.50

சட்டமே எதற்கு? 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன் 503 படங்களை வைத்தார். சட்டம், கண்ணாடி என்று ஒன்றும் இல்லாமல், பலகையில் ஏற்றி, பெரிதும் சிறிதுமாக மக்கள் நடுவில் நிறுத்தினார். கண்ணாடி வந்தாலே படம் நம்மைவிட்டு விலகிப் போய்விடுகிறது. மேட் லேமினேஷன் செய்து, அதாவது பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம் ஒட்டி, பலகையில் ஏற்றிவிடுங்கள்.

மரச்சட்டம் · செவ்வாய், காலை 6.15

அது சில மாதக் கண்காட்சி ஐயா. தம்பியின் படம் அந்தச் சுவரில் எத்தனை வருடம் இருக்கப்போகிறதோ தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் வந்து போகிற இடம், விரல் படும். லேமினேஷன் ஓரத்தில் ஒருமுறை காற்று ஏறினால் பிரிந்துகொண்டே போகும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. கண்ணாடி உடைந்தால் வேறு கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம்.

கண்ணாடி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்புத் தெரியாமல் இருக்க மங்கல் கண்ணாடி ஒன்று விற்கிறார்கள். அது படத்தோடு ஒட்டியிருந்தால்தான் தெளிவாகத் தெரியும். மவுண்டுக்கு மேல் வைத்தால் அந்த இடைவெளியில் உப்பின் ஒவ்வொரு மணியும் மங்கிவிடும். சாதாரண 2 மில்லிமீட்டர் தெளிந்த கண்ணாடி போடுங்கள். பளபளப்பைச் சுவரைத் தேர்ந்தெடுத்துத் தவிருங்கள். சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், பக்கச் சுவர் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரே விழாததால் நிறமும் நிற்கும்.

மீனாள் · செவ்வாய், காலை 10.30

இவ்வளவு நேரம் படித்தேன். எல்லாரும் 'அந்த அம்மா' என்கிறோம். அவர் பெயர் என்ன?

படத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது எடுத்தவர் பெயர். உப்பு வாரியவர் பெயர் எங்கும் இல்லை. அதே ஊர் நூலகத்தில்தான் மாட்டப் போகிறீர்கள். அவருடைய பேத்தி ஒருநாள் அங்கே படிக்க வருவாள். அவர் முகம் அந்தச் சுவரில் இருக்கப்போவது அவருக்குத் தெரியுமா? சம்மதம் கேட்டீர்களா?

'உழைப்பின் வெண்மை' என்ற தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பத்தா கல்யாண வீடுகளில் அண்டா துலக்கியவர். உழைப்பை அழகு என்று யாராவது சொன்னால் அவர் தன் கையை விரித்துக் காட்டுவார். உப்பில் நிற்பவரின் கால் எப்படி வெடித்திருக்கும் என்று அருகில் போய்ப் பாருங்கள் தம்பி. அதன் பிறகும் அந்தத் தலைப்பு பொருந்தும் என்று தோன்றினால் வையுங்கள்.

நெய்தல்நிலா · செவ்வாய், காலை 11.00

மீனாள் அக்கா கேட்டது நியாயம். நானும் புகைபோக்கியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

தருவைக்குளத்தான் · வியாழன், இரவு 10.20

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். மீனாள் அக்கா, பெயர் கேட்கவில்லை. எடுக்கும்போது தலையசைத்தார், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சுவரில் மாட்டுவது பற்றி எதுவும் சொல்லவில்லை. நாளை மறுநாள் போகிறேன். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு அச்சு எடுத்திருக்கிறேன். ஒன்று கேமராவில் இருந்து வந்தபடியே, இன்னொன்று வானம் வெட்டி, கேன் அழித்தது.

தருவைக்குளத்தான் · சனி, பிற்பகல் 3.40

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விடிகாலை நான்கரைக்குப் போனேன். ஐந்தாறு பேர் பாத்தியில் இருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் பேசவே நேரம் இல்லை. எட்டரைக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது அந்த அம்மாவிடம் அச்சைக் கொடுத்தேன். அழகாக்கிய அச்சைத்தான் முதலில் நீட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "முகம் எங்கய்யா?" என்று கேட்டார்.

அவருக்குத் தன் முகம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிப் பார்த்து, சேலையை வைத்து அடையாளம் சொன்னார்கள். என் கணினித் திரையில் முகச் சுருக்கம்கூடத் தெரிந்தது. காகிதத்தில் பார்த்தால் உண்மையாகவே ஒரு கறுப்பு உருவம்தான். அந்த மங்கலை நான் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து இன்னோர் அச்சைக் கொடுத்தேன். அதில் விரலை வைத்து, "இது என் கேனு. அதுல ஏன் இல்ல?" என்றார். அது குடிதண்ணீர். அவர் வேலை செய்கிற பக்கத்தில் குடிக்க நீர் இல்லை. ஊரில் பிடித்து, இருட்டில் வரப்பு மேல் சுமந்து வருகிறார். பகல் முழுவதும் அவருக்கு அதுதான். நான் அதை ஒரு நிமிடத்தில் அழித்திருந்தேன்.

சுவரில் மாட்டலாமா என்று கேட்டேன். மாட்டச் சொன்னார். பெயரும் போடச் சொன்னார், "முழுப் பேரா போடு" என்றார். அதை இங்கே எழுதவில்லை. சுவரில் எழுதுவேன்.

இருட்டறை · சனி, மாலை 5.05

தம்பி, கேனை எடுக்கச் சொன்னவன் நான். நிறம் உறுத்துகிறது என்று மட்டும் பார்த்தேன். அது தவறு. கேன் அங்கேயே இருக்கட்டும். வானத்தை மேலிருந்து மட்டும் வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது.

முகம் கறுத்ததற்குக் காரணம் இரண்டு. இரண்டும் சரிசெய்யக்கூடியவை. கேமராவின் ஒளிமானி தன் முன் இருப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை உப்பையும் வெளுத்த வானத்தையும் காட்டினால் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துக் குறைத்துவிடும். உப்பு சாம்பலாகிவிடும், அதற்கு எதிரே நிற்பவரின் முகம் கரியாகிவிடும். உப்பளத்தில், பனியில், வெள்ளை மணலில் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). நீங்கள் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பாக, எடுத்திருந்தால் இப்போதும் முகத்தை மீட்கலாம். முகத்தையும் கழுத்தையும் மட்டும் மெல்லத் தூக்குங்கள், உப்பின் வெண்மை வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் உங்கள் திரை. திரை தானே ஒளி விடுகிறது, காகிதம் அறையின் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. திரையின் பிரகாசத்தை முழுதாக வைத்துத் திருத்தினால் அச்சு இருட்டாகத்தான் வரும். பிரகாசத்தைக் குறையுங்கள். ஒரு வெள்ளைத் தாளை அருகில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் சிறிய சோதனை அச்சு ஒன்று எடுத்து, நூலகத்துக்கே கொண்டுபோய், மாட்டப்போகும் சுவரில் பிடித்துப் பாருங்கள்.

மரச்சட்டம் · சனி, இரவு 7.30

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 6000 பிக்சலை அங்குலத்துக்கு 300 என்று அச்சிட்டால் அகலம் 20 அங்குலம், உயரம் பதினொன்றே கால். பதினாறுக்கு இருபத்துநான்கு தாளில் நடுவில் அச்சிடச் சொல்லுங்கள். சுற்றி வெள்ளை ஓரம் இருந்தால் கீல் வைக்க இடம் கிடைக்கும், படத்தின் மேல் கைபடாது. மவுண்ட் மேலும் பக்கங்களிலும் மூன்று அங்குலம், கீழே மூன்றரை. நான்கும் சமமாக இருந்தால் படம் கீழே சரிந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றும். சட்டத்தின் உள்ளளவு 26-க்குப் பதினேழே முக்கால்.

மவுண்டின் நிறம்தான் இந்தப் படத்தில் எனக்கு மிகவும் கவலை. பளிச்சென்ற வெள்ளை அட்டை வைத்தால் உப்பு அழுக்காகத் தெரியும். விடியலில் உப்பு நீலச்சாம்பலாக இருக்கிறது. பக்கத்தில் அதைவிட வெளுத்த ஒன்று வந்துவிட்டால் கண் அதைத்தான் வெள்ளை என்று நினைக்கும். உப்பைவிட ஒரு படி மங்கிய அட்டை, மோர் நிறம் என்பார்களே, அதைக் கேளுங்கள். இரண்டு மூன்று அட்டைத் துண்டுகளை அச்சின் மேல் வைத்துப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மீனாள் · சனி, இரவு 8.10

தம்பி, அவர் கையிலும் ஓர் அச்சு போய்ச் சேரட்டும். முகம் தெரிகிற அச்சு.

தருவைக்குளத்தான் · ஞாயிறு, காலை 11.30 (மூன்று வாரம் கழித்து)

நேற்று மாட்டினோம்.

மோர் நிற மவுண்ட், வெறும் தேக்குச் சட்டம், தெளிந்த கண்ணாடி. மூன்றாவது சோதனை அச்சில்தான் முகம் சரியாக வந்தது. இரண்டாவதில் கூட்டிவிட்டதால் விடியற்காலை நண்பகல் போல ஆகிவிட்டது, அதை விட்டுவிட்டேன். நூலகர் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்டலாம் என்றார். படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில், நிற்பவரின் கண்மட்டத்தில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதற்காக ஒரு நாளிதழ் அடுக்கை நகர்த்தித் தந்தார். பக்கச் சுவர்தான், குழல்விளக்கு கண்ணாடியில் விழவில்லை.

படத்தின் மேல் எழுத்து எதுவும் இல்லை. கீழே ஒரு சிறு அட்டையில் அவருடைய முழுப்பெயர் முதல் வரி. அடுத்த வரியில் 'உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி', மாதம், வருடம். மூன்றாவது வரியில் சிறிய எழுத்தில் என் பெயர். தலைப்பு வைக்கவில்லை.

அவருக்கான அச்சைப் போன வாரமே எட்டுக்குப் பன்னிரண்டு சட்டத்தில் போட்டுக் கொடுத்துவிட்டேன், அதிலும் மவுண்ட் வைத்து. நூலகத்துக்கு வரும்படி அழைத்தேன். மழைக்கு முன் வேலை நிற்காது, அதனால் ஐப்பசியில் வருகிறேன் என்றார். மரச்சட்டம் ஐயாவிடம் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டுச் சுவர் மண்சுவர், ஈரம் ஏறுகிறது. கீழ் மூலைத் தக்கை மட்டும் போதுமா, பின்பக்கம் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

மரச்சட்டம் · ஞாயிறு, பகல் 12.20

போதாது. மேல் மூலைகளிலும் இரண்டு தக்கை வையுங்கள், அரை அங்குலக் கனத்தில். ஹார்டுபோர்டின் விளிம்பைச் சுற்றிப் பழுப்புத் தாள் ஒட்டிப் பூச்சிக்கு வழி அடையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் தெரிந்தால் மதுரைக்கு அனுப்பி வையுங்கள், மகனிடம் சொல்லி வைக்கிறேன், காசு வேண்டாம்.